ஈபி லைன் வராத சைட்டில் கார்ட்லெஸ் பேட்டரி சார்ஜ் போட எந்த இன்வெர்ட்டர் வாங்கலாம்?

உளிமுனை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். தாண்டிக்குடிக்கு மேலே ஒரு காப்பித் தோட்டத்தில் பழைய பங்களாவைச் சரிசெய்யும் வேலை எடுத்திருக்கிறேன். கதவு, ஜன்னல், கூரை, மாடிப்படி எல்லாமே மரம், ஐப்பசி மழைக்கு முன்னால் கூரையாவது முடியணும். கரண்ட் இல்லை. கடைசிக் கம்பம் கீழே ரோட்டோரம் நிற்கிறது, அங்கிருந்து மேலே லைன் இழுக்க ஓனர் மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அது வருகிறபோது வரட்டும், நான் அதை நம்பி உட்கார முடியாது.

என்னிடம் இருப்பதெல்லாம் 18 வோல்ட் மகிட்டா. இம்பாக்ட், டிரில், சர்க்குலர் ரம்பம், ஜிக்சா, கிரைண்டர். பேட்டரி 5 ஆம்பியர்-ஹவர் நான்கு, 3 ஆம்பியர்-ஹவர் இரண்டு. சார்ஜர் ஒன்றுதான், உள்ளே ஃபேன் ஓடுமே அந்த வேக சார்ஜர். இப்போதைக்கு சாயங்காலம் எல்லா பேட்டரியையும் பையில் போட்டு ஊருக்குள் ஒரு டீக்கடையில் கொடுத்துவிட்டு காலையில் எடுத்து வருகிறோம். ரம்பம் அதிகம் ஓடுகிற நாளில் மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே எல்லாம் காலி, அப்புறம் ஆட்கள் கையில் ரம்பத்தை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஓனர் ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர் கொடுத்தார், அதில் சார்ஜரைப் போட்டால் கொஞ்ச நேரம் ஏறுகிறது, பிறகு லைட் மின்னி நின்றுவிடுகிறது. ஒரு பேட்டரிக்காக அந்தச் சத்தத்தோடு வேலை செய்யவும் மனசில்லை.

திண்டுக்கல்லில் ஒரு கடையில் கேட்டேன், "2 கேவிஏ இன்வெர்ட்டர், இரண்டு டியூபுலர் பேட்டரி எடுத்துக்கோங்க, கண்ணை மூடிக்கிட்டு ஓடும்" என்கிறார். ஆன்லைனில் பார்த்தால் 1000 வாட் என்று போட்டு உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று ரொம்ப மலிவாக வருகிறது. வீட்டில் பழைய 700 விஏ இன்வெர்ட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது, ஸ்கொயர் வேவ். அதையே தூக்கிப் போகலாமா? ஓனர் பேனல் வாங்கித் தரத் தயார், பின்னால் வீட்டு லைட்டுக்கு ஆகும் என்று 330 வாட்டில் இரண்டு சொல்லியிருக்கிறார். வண்டி பாதி தூரம்தான் ஏறும், மிச்சம் தலைச்சுமை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

பெஞ்ச்_சர்வீஸ்_கோவை எழுதியது:

அண்ணே, இன்வெர்ட்டரைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் சார்ஜரைத் திருப்பி அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். எத்தனை வாட் இன்வெர்ட்டர் வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அதுதான். உங்கள் ரம்பம் எவ்வளவு பெரிது, கிரைண்டர் எவ்வளவு இழுக்கும் என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வரவே வராது, ஏனென்றால் அவை இன்வெர்ட்டரில் ஓடப்போவதில்லை. கடைக்காரர் 2 கேவிஏ சொல்வது டூல்ஸ் பெயர்களைக் கேட்டுவிட்டுத்தான் என்று நினைக்கிறேன்.

ஃபேன் உள்ள மகிட்டா சார்ஜர் என்றால் பெரும்பாலும் டிசி18ஆர்சி. அது பேட்டரிக்குள் 9 ஆம்பியர் தள்ளும், ஸ்டிக்கரில் 240 வாட் என்று இருக்கும். 5 ஆம்பியர்-ஹவர் பேட்டரி முக்கால் மணியில் நிறையும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. இந்த மாதிரி சார்ஜர்கள் கரண்டை அலை முழுக்கச் சீராக இழுக்காமல் உச்சியில் மட்டும் வெடுக் வெடுக்கென்று இழுக்கும், அதனால் 240 வாட் சார்ஜர் இன்வெர்ட்டரின் கண்ணுக்கு 350, 400 விஏ (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கின அளவு) மாதிரித் தெரியும். 300 வாட் இன்வெர்ட்டர் வாங்கிவிட்டு "240தானே போட்டேன், ஏன் டிரிப் ஆகுது" என்று கேட்பவர்கள் நிறைய. வேக சார்ஜரையே வைத்துக்கொள்வதானால் 600 வாட் பியூர் சைன் வேவ் (ஈபி லைன் மாதிரியே வளைந்து ஏறி இறங்கும் அலை தருகிற இன்வெர்ட்டர்) வேண்டும்.

இன்னொரு வழி, எனக்குப் பிடித்த வழி: மெதுவாக ஏற்றும் சார்ஜர் வாங்கிக்கொள்வது. அதே கம்பெனியில் டிசி18எஸ்டி என்று வருகிறது, 2.6 ஆம்பியர், 5 ஆம்பியர்-ஹவர் பேட்டரிக்கு இரண்டு மணிக்குக் கொஞ்சம் குறைவாக எடுக்கும். ஒன்று 70 வாட் அளவுக்குத்தான் இழுக்கும். இரண்டு வாங்கிப் போட்டாலும் 140. 300 வாட் நல்ல பியூர் சைன் போதும், 500 என்றால் நிம்மதி. வெயில் இருக்கிற நேரம் முழுக்க அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும், பேட்டரியும் சூடாகாமல் ஏறும்.

ஸ்கொயர் வேவ் விஷயத்துக்கு வருகிறேன். வீட்டு ஈபி லைனில் 230 வோல்ட் என்றால் அலையின் உச்சி 325 வோல்ட் வரை போகும். சார்ஜருக்குள் முதலில் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் அந்த உச்சிக்குத்தான் நிறையும். சுத்தமான ஸ்கொயர் வேவில் உச்சியும் 230தான். ஸ்டிக்கரில் 100-240 வோல்ட் என்று போட்டிருந்தால் அந்தச் சார்ஜருக்கு இது கவலையில்லை. 220-240 என்று மட்டும் போட்டிருந்தால் அதற்கு இது ரொம்பக் குறைந்த வோல்டேஜில் ஓடுகிற மாதிரி, அதே வேலைக்கு அதிகக் கரண்டை இழுத்துச் சூடாகும், சில மாடல் ஏறவே ஏறாது. அதோடு அலை செங்குத்தாக ஏறி இறங்குவதால் ஒவ்வொரு தடவையும் உள்ளே ஒரு கரண்ட் அடி விழும். என் பெஞ்சுக்கு வருகிற சார்ஜர்களைப் பிரித்தால் முன்பக்க ஃபில்டர் கெப்பாசிட்டர் உப்பி, அதன் அடியில் போர்டு பழுப்பேறி இருக்கும், "எதில் போட்டீங்க" என்று கேட்டால் பாதிப் பேர் சொல்வது வண்டி இன்வெர்ட்டர் அல்லது பழைய வீட்டு இன்வெர்ட்டர்.

அந்த 700 விஏவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். டியூப்லைட்டுக்கும் ஃபேனுக்கும் அது போதும்.

---

டெம்போ_1109 எழுதியது:

நான் ஸ்கொயர் வேவில்தான் போடுகிறேன், போஷ் சார்ஜர், வருஷக்கணக்கில் ஓடுகிறது, ஒன்றும் ஆகவில்லை. ஏன் இவ்வளவு பயமுறுத்தணும்? அவரிடம் லோடு வண்டி இருக்கும், சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் 1000 வாட் இன்வெர்ட்டர் ஒன்றைச் சொருகினால் வேலை முடிந்தது. பேனல், கன்ட்ரோலர் எதுவும் வேண்டாம்.

---

பெஞ்ச்_சர்வீஸ்_கோவை எழுதியது:

ஓடும் சார், நான் ஓடாது என்று சொல்லவில்லை. உங்கள் சார்ஜர் 100-240 ரகமாக இருந்து, உள்ளே பாகங்களும் தரமாக இருந்தால் ரொம்ப நாள் தாங்கும். எல்லாச் சார்ஜரும் அப்படி இல்லை. சின்ன 12 வோல்ட் டிரில்லோடு வருகிற மலிவு சார்ஜர்களில் டிரான்ஸ்பார்மரே இல்லாமல் ஒரு கெப்பாசிட்டரை வைத்தே வோல்டேஜைக் குறைத்திருப்பார்கள், அதை ஸ்கொயர் வேவில் போட்டால் அன்றைக்கே புகை. கேட்டவர் மலை மேல் இருக்கிறார், இருப்பது ஒரே சார்ஜர், அது போனால் மொத்த வேலையும் நிற்கும். இன்றைக்கு 300, 500 வாட் பியூர் சைனுக்கும் மற்றதுக்கும் விலை வித்தியாசம் ஒரு நல்ல பேட்டரி விலைகூட இல்லை.

சிகரெட் சாக்கெட் யோசனையை மட்டும் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். அந்தச் சாக்கெட்டின் ப்யூஸ் சாதாரணமாக 10 அல்லது 15 ஆம்பியர். 12 வோல்ட்டில் 15 ஆம்பியர் என்றால் 180 வாட், அதுவும் மேல் எல்லை. அவருடைய வேக சார்ஜர் போட்டால் ப்யூஸ் போகும், ப்யூஸ் போகிறதே என்று யாராவது பெரிய ப்யூஸ் மாட்டினால் டேஷ்போர்டுக்குள் வயர் உருகும். வண்டி பேட்டரி வேறு, அது ஸ்டார்ட் எடுக்கச் செய்தது, முழுக்க இறக்கி ஏற்றினால் சீக்கிரம் செத்துப்போகும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது மெதுவான சார்ஜர் ஒன்றை 150 வாட் சைன் வேவில் போட்டுக்கொள்வது பரவாயில்லை, அதற்கு மேல் வேண்டாம்.

1000 வாட் என்று போட்ட உள்ளங்கை சைஸ் மெஷினைக் கண்டுபிடிக்க எளிய வழி அதனோடு வருகிற வயரைப் பார்ப்பது. 12 வோல்ட்டில் நிஜமாகவே 1000 வாட் எடுக்க 90 ஆம்பியருக்கு மேல் ஓடணும். சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத வயரும் முதலைக் கிளிப்பும் கொடுத்திருந்தால் அந்த 1000 அட்டைப்பெட்டியில் மட்டும்தான் இருக்கிறது.

---

மலையடி_சோலார் எழுதியது:

தேனிப் பக்கம் தோட்டங்களில் சோலார் மாட்டுகிறேன். பெஞ்ச் சார் சொன்னது சரி, மெதுவான சார்ஜர் இரண்டு, சின்ன இன்வெர்ட்டர். நான் எனர்ஜி கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன்.

18 வோல்ட், 5 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் இருப்பது 90 வாட்-ஹவர். நான்கு பேட்டரி 360. 3 ஆம்பியர்-ஹவர் 54, இரண்டும் சேர்ந்து 108. மொத்தமும் ஒரு தடவை காலியாகி நிறைந்தால் 468 வாட்-ஹவர். ரம்பம் ஓடுகிற கனமான நாளில் ஒன்றரைச் சுற்று என்று வைப்போம், 700. சார்ஜரில் கொஞ்சம் சூடாகப் போகும், இன்வெர்ட்டரில் கொஞ்சம் போகும், இரண்டையும் சேர்த்தால் நாலில் ஒரு பங்கு காணாமல் போகும் என்று எடுத்துக்கொள்ளலாம், ஆகவே பெரிய பேட்டரியிலிருந்து 950 வாட்-ஹவர் போகும். இது ஒரு நாளைக்கு. ஒரு யூனிட் கரண்ட்கூட இல்லை பாருங்கள், வீட்டில் மிக்ஸி, கிரைண்டர், டிவி சேர்ந்தால் இதைவிட ஆகும்.

இப்போது 2 கேவிஏ ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், இன்வெர்ட்டர் ஒன்றும் செய்யாமல் சும்மா ஆன் ஆகி இருப்பதற்கே கரண்ட் சாப்பிடும். பெரிய டிரான்ஸ்பார்மர் உள்ள வீட்டு இன்வெர்ட்டர் 30 வாட் சாப்பிடுகிறது என்று வையுங்கள். சாயங்காலம் ஆஃப் பண்ண மறந்து விட்டுப் போனால் காலை வருவதற்குள் 14 மணி நேரத்தில் 420 வாட்-ஹவர் போயிருக்கும். உங்கள் ஆறு பேட்டரியையும் ஒரு சுற்று ஏற்றுவதற்கான கரண்டில் மூன்றில் இரண்டு பங்கு அப்படியே காற்றில் போச்சு. நல்ல சின்ன சைன் வேவ் இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போது பத்து வாட்டுக்குள் நிற்கும். விக்ட்ரான் ஃபீனிக்ஸ் மாதிரி விலை உயர்ந்தவற்றில் 12 வோல்ட் 375, 500 விஏ அளவுகளில் இன்னும் குறைவு, ஈகோ என்று ஒரு முறை வைத்தால் ஒரு வாட் பக்கம் வந்துவிடும். ஆனால் சார்ஜர் போடுகிறவர்கள் அந்த ஈகோ முறையை அணைத்து வைப்பதே நல்லது. அது லோடு இருக்கிறதா என்று அவ்வப்போது தட்டிப் பார்த்துவிட்டுத் தூங்கும், சார்ஜரின் ஆரம்ப இழுப்பு சின்னது என்பதால் சில நேரம் அதை லோடாகவே எடுத்துக்கொள்ளாது, நீங்கள் பேட்டரி ஏறுகிறது என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள்.

வீட்டு இன்வெர்ட்டர்தான் கைக்கு எட்டுகிறது என்றால், பெட்டியில் சைன் வேவ் என்று இருக்கிறதா என்று பாருங்கள், பெயரை மட்டும் நம்பாதீர்கள். லூமினஸில் ஈகோ வாட் என்பது ஸ்கொயர் வேவ், ஈகோ வோல்ட் என்பது சைன் வேவ். பெயர் இவ்வளவு பக்கத்தில் இருந்தால் கடைப் பையன் மாற்றிக் கொடுப்பதில் ஆச்சரியமில்லை.

பேனல் 330 இரண்டு என்றால் வெயில் நாளில் தேவைக்கு மேலேயே வரும், ஒன்றே ஆயிரம் வாட்-ஹவர் சுற்றி கொடுக்கும். ஆனால் தாண்டிக்குடியில் மூடுபனி இறங்கினால் மதியம்கூட பேனல் பாதிக்கும் கீழே போகும், அதனால் இரண்டும் வேண்டும். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் வைக்கிற கன்ட்ரோலர் கண்டிப்பாக எம்பிபிடி, அதாவது பேனலின் அதிக வோல்டேஜைக் குறைத்து அதற்கேற்ப ஆம்பியரைக் கூட்டித் தருகிற ரகம். 330 வாட் பேனல் 37 வோல்ட்டில் 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாகக் கொடுக்கிற பேனல், அதை மலிவு பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் வழியாக 12 வோல்ட் பேட்டரியில் கட்டினால் அந்த 9 ஆம்பியர் அப்படியே 13 வோல்ட்டில் வரும், அதாவது 115 வாட். மிச்சம் 215 வாட்டுக்குக் காசு கொடுத்து கூரையில் அழகுக்கு வைத்த மாதிரி.

இரண்டு பேனலையும் பேரலலில் கட்டுங்கள். சீரிஸில் கட்டினால் லோடு இல்லாதபோது 92 வோல்ட் பக்கம் நிற்கும், மலையில் குளிர்ந்த காலையில் வெயில் பட்டவுடன் அது இன்னும் ஏறும். 75 வோல்ட் கன்ட்ரோலர் அதில் செத்துவிடும், 100 வோல்ட் கன்ட்ரோலருக்கும் விளிம்பு.

---

உளிமுனை எழுதியது:

ரொம்ப நன்றி அண்ணன்மார்களே. சார்ஜர் அடியில் பார்த்தேன், 240 வாட்தான், வோல்டேஜ் 220-240 என்று மட்டும் போட்டிருக்கிறது. அப்படியென்றால் ஸ்கொயர் வேவ் எனக்கு ஆகவே ஆகாது, அது முடிந்தது.

இரண்டு சந்தேகம். டியூபுலரா, லித்தியமா? கடைக்காரர் 150 ஆம்பியர் டியூபுலர்தான் கல்லு மாதிரி நிற்கும் என்கிறார். அப்புறம் ஒரு தம்பி சொன்னான், இன்வெர்ட்டரே தேவையில்லை, 12 வோல்ட்டிலிருந்து 21 வோல்ட் ஆக்குகிற சின்ன போர்டு ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும், அதை நேராக டூல் பேட்டரியில் பிடித்தால் நஷ்டமே இல்லாமல் ஏறும் என்று. உண்மையா?

---

பெஞ்ச்_சர்வீஸ்_கோவை எழுதியது:

போர்டு யோசனை காகிதத்தில் சரி, 18 வோல்ட் பேட்டரிக்குள் ஐந்து செல் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றும் நிறையும்போது 4.2 வோல்ட், மொத்தம் 21. வெளியிலிருந்து பிளஸ்ஸும் மைனஸும் மட்டும் பிடித்து 21 வோல்ட் கொடுத்தால் மொத்தக் கணக்கு சரியாக இருக்கும், ஆனால் ஒரு செல் 4.35லும் இன்னொன்று 4.05லும் நிற்கிறதா என்று பார்க்க அங்கே யாரும் இல்லை. கம்பெனி சார்ஜர் பிளஸ், மைனஸுக்கு நடுவில் இருக்கிற மற்ற முனைகள் வழியாக பேட்டரியோடு பேசிக்கொண்டே ஏற்றுகிறது. டீவால்ட் மாதிரி பேட்டரியில் தனித்தனி செல்லின் முனைகளே வெளியே வந்திருக்கும், அதைச் சார்ஜர்தான் கவனிக்கணும். வெப்பம் அளக்கும் முனையையும் நீங்கள் விட்டுவிடுவீர்கள். புது பேட்டரியில் கொஞ்ச நாள் ஓடும், வயசான பேட்டரியில் ஒரு செல் தனியாக ஓவர்சார்ஜ் ஆகும். மரத்தூளும் சீவலும் குவிந்திருக்கிற இடத்தில், ஆள் இல்லாத நேரத்தில், லித்தியம் செல் சூடாவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

12 வோல்ட்டில் நேராக ஓடுகிற கம்பெனி கார் சார்ஜர்கள் இருக்கின்றன, மகிட்டாவில் டிசி18எஸ்இ, டீவால்ட்டில் டிசிபி119. அவை பேட்டரியோடு பேசுகிற நிஜ சார்ஜர்கள், இன்வெர்ட்டர் நஷ்டமும் இல்லை. கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. நம் ஊர்க் கடைகளில் லேசில் கிடைக்காது.

---

மலையடி_சோலார் எழுதியது:

தலைச்சுமை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். 150 ஆம்பியர்-ஹவர் டியூபுலர் ஆசிட்டோடு 50 கிலோவுக்கு மேல், சாய்க்காமல் தூக்கணும். 12.8 வோல்ட் 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 12 கிலோ பக்கம்தான், ஒரு ஆள் தோளில் வைத்துக்கொண்டு ஏறிவிடலாம். டியூபுலரில் 1800 வாட்-ஹவர் இருக்கிறது, பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும், ஆக கைக்கு 900. லித்தியத்தில் 1280 இருக்கிறது, ஆயிரத்துக்கு மேல் தாராளமாக எடுக்கலாம்.

இன்னொன்று கடைக்காரர்கள் சொல்லாதது. இரண்டு 330 பேனல் நல்ல வெயிலில் 45, 50 ஆம்பியர் கொடுக்கும். 150 டியூபுலருக்கு 15லிருந்து 20 ஆம்பியர்தான் தொடர்ந்து ஏற்ற வசதியான அளவு, அதற்கு மேல் கொதித்துத் தண்ணீர் வற்றும். லித்தியம் 50 ஆம்பியரை வாங்கிக்கொள்ளும், பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருக்கிற பாதுகாப்பு போர்டு) எவ்வளவு தாங்கும் என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். மூடுபனி நடுவில் இரண்டு மணி நேரம் வெயில் அடித்தால் அந்த இரண்டு மணியில் அள்ளிக்கொள்ள லித்தியம்தான் தோது. ஓனர் பின்னால் வீட்டுக்கே வைத்துக்கொள்ளப் போகிறார் என்றால் அவரிடமே பேசி லித்தியம் வாங்கச் சொல்லுங்கள்.

---

பழனிமலை_தச்சர் எழுதியது:

தம்பி, நானும் எஸ்டேட் பங்களா வேலைதான் அதிகம். கணக்கெல்லாம் மேலே சொல்லிவிட்டார்கள், நான் சைட் விஷயம் சொல்கிறேன்.

இன்வெர்ட்டரை மரம் அறுக்கிற அறையில் வைக்காதே. அதற்குள் ஃபேன் இருக்கிறது, தூளை இழுத்து இழுத்து உள்ளே ஹீட்சிங்க் மேல் கம்பளி மாதிரிப் படியும், அப்புறம் சின்ன லோடுக்கே சூடாகிக் கத்தும். சமையல்கட்டுப் பக்கமோ ஸ்டோர் ரூமிலோ தரையிலிருந்து ஓரடி மேலே பலகை அடித்து வை. அங்கிருந்து 230 வோல்ட் வயரை எவ்வளவு தூரமும் இழு, தப்பில்லை. 12 வோல்ட் பக்கத்தை மட்டும் நீட்டாதே.

ரம்பத்தில் சுடச்சுடக் கழற்றின பேட்டரியைச் சார்ஜரில் சொருகினால் அது ஏற்றாமல் மின்னிக்கொண்டே இருக்கும், கெட்டுப்போச்சு என்று பயப்படாதே. பேட்டரி ரொம்பச் சூடாக இருந்தால் ஆறுகிற வரை அது காத்திருக்கும். தகரக் கூரைக்கு அடியில் சார்ஜரை வைத்தால் சித்திரை மாதத்தில் நாள் முழுக்கக் காத்திருக்கும். நிழலில் காற்றோட்டமாக வை, காலியான பேட்டரியைத் தேக்குப் பலகை மேல் கொஞ்ச நேரம் ஆற விட்டு அப்புறம் போடு. பேட்டரியில் ஒரு கோடு வெள்ளை பெயின்ட் அடித்து, நிறைந்தது ஒரு பெட்டி, காலி ஒரு பெட்டி என்று பிரித்து வைத்தால் பையன்கள் பாதி ஏறினதைப் பிடுங்கிக்கொண்டு ஓட மாட்டார்கள்.

கடைசல், பிளேனர், டேபிள் ரம்பம் மாதிரி வயர் டூல் எதையும் இந்தச் சின்ன இன்வெர்ட்டரில் சொருக விடாதே. யாராவது "ஒரே ஒரு கட்டிங்" என்று வருவான். ஸ்டார்ட் ஆகும்போது மூன்று நான்கு மடங்கு இழுக்கும், டிரிப் ஆனால் தப்பித்தாய். அதற்கெல்லாம் ஓனர் கொடுத்த ஜெனரேட்டரை வை, மரத்தை நீளவாக்கில் அறுக்கிற வேலைகளைச் சேர்த்து வைத்து ஒரு நேரத்தில் ஓட்டிவிட்டு நிறுத்து. ஜெனரேட்டரில் சார்ஜர் மின்னுவது அது ஏறி இறங்கி ஓடுவதால். சில சார்ஜரோடு வருகிற புத்தகத்திலேயே ஜெனரேட்டரில் போடாதே என்று எழுதியிருக்கும், உன் சார்ஜர் புத்தகம் இருந்தால் பார்.

---

உளிமுனை எழுதியது:

சரி, முடிவு இப்படி எடுத்திருக்கிறேன். மெதுவான சார்ஜர் இரண்டு புதிதாக. இன்வெர்ட்டர் 500 வாட் பியூர் சைன். ஓனர் லித்தியம் 100 ஆம்பியர்-ஹவருக்குச் சம்மதித்துவிட்டார், அந்த எடை வித்தியாசத்தைச் சொன்னதும் உடனே சரி என்றார். பேனல் இரண்டும் பேரலல், எம்பிபிடி 100 வோல்ட் 50 ஆம்பியர். வேக சார்ஜர் கையில் இருக்கட்டும், அவசரத்துக்கு அதை மட்டும் தனியாகப் போட்டால் 500 தாங்குமா? பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டருக்கு என்ன வயர், எவ்வளவு நீளம்? என்னிடம் வீட்டு வயரிங் 2.5 ஸ்கொயர் (சதுர எம்எம்) ஒரு சுருள் இருக்கிறது.

---

மலையடி_சோலார் எழுதியது:

2.5 வேண்டாம். மூன்று மீட்டர் தூரம் வைத்தால் போக வர ஆறு மீட்டர் செம்பு, அந்த வயரில் 25 ஆம்பியர் ஓடினால் ஒரு வோல்ட்டுக்கு மேல் வயரிலேயே போய்விடும். பேட்டரியில் 12.5 இருக்கும், இன்வெர்ட்டருக்கு 11.4தான் தெரியும், பேட்டரி காலி என்று நினைத்துக் கத்த ஆரம்பிக்கும், நீங்கள் புது பேட்டரியைச் சந்தேகப்படுவீர்கள். இந்தக் கேஸ் எனக்கு அடிக்கடி வருகிறது, போய்ப் பார்த்தால் வயர்தான். அதே தூரத்தில் 10 ஸ்கொயர் போட்டால் கால் வோல்ட்தான் போகும். தூரத்தையும் ஒரு மீட்டருக்குள் கொண்டுவந்து 16 ஸ்கொயர் போட்டுவிடுங்கள், 500 வாட் முழுசாக ஓடினாலும் கவலை இல்லை. லக் (வயர் நுனியில் மாட்டும் ஓட்டை வைத்த உலோக முனை) வைத்து, அதை நசுக்கி கிரிம்ப் பண்ணி நட்டு இறுக்கணும், முறுக்கிச் சொருகி டேப் சுற்றுகிற வேலை கூடாது.

பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 60 ஆம்பியர் ப்யூஸ், டிசிக்குச் செய்த ப்யூஸாக இருக்கணும். வீட்டு ஏசி எம்சிபியை அங்கே மாட்டாதீர்கள், டிசியில் அது தீப்பொறியை அணைக்கத் திணறும். கன்ட்ரோலருக்கும் தனி ப்யூஸ். கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியை இணைத்து, அது 12 வோல்ட் என்று காட்டிய பிறகு பேனலை இணையுங்கள், கழற்றும்போது பேனல் முதலில்.

---

பெஞ்ச்_சர்வீஸ்_கோவை எழுதியது:

வேக சார்ஜர் தனியாக என்றால் நல்ல 500 வாட் தாங்கும். கூட மெதுவான சார்ஜர் எதுவும் அந்த நேரம் ஓடக்கூடாது. வாங்கும்போது கடையிலேயே சார்ஜரைக் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள், காலி பேட்டரியோடு. பாதி நிறைந்த பேட்டரியைக் கொண்டுபோனால் முழு இழுப்பு சீக்கிரமே தணிந்துவிடும், உண்மை தெரியாது. பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேனையும் அதே இன்வெர்ட்டரில் ஓடவிடுங்கள், ஈபியில் ஓடுகிற மாதிரி அமைதியாக ஓடினால் சைன் வேவ், ங்ங்ங் என்று உறுமினால் பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் திருப்பிக் கொடுங்கள். சாதாரண மீட்டரில் வோல்டேஜ் பார்த்து ஏமாறவும் வேண்டாம், எந்த வடிவ அலையையும் சரியாக அளக்கிற ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர் இல்லையென்றால் மாடிஃபைடு அலையில் (படிப்படியாக ஏறி இறங்குகிற மலிவு அலை) அது காட்டுகிற எண்ணுக்கு அர்த்தமில்லை.

---

உளிமுனை எழுதியது:

ஃபேனும் காலி பேட்டரியும் எடுத்துக்கொண்டே கடைக்குப் போகிறேன். 16 ஸ்கொயருக்கு எந்த அளவு லக், ஓட்டை 8 எம்எம்மா 6 எம்எம்மா?

---

மலையடி_சோலார் எழுதியது:

லித்தியம் பேட்டரி போல்ட்டைப் பார்த்து வாங்குங்கள், 100 ஆம்பியர்-ஹவரில் பெரும்பாலும் 8 எம்எம் போல்ட் வரும். இன்வெர்ட்டர் பக்கம் 6 ஆக இருக்கலாம். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு லக் எடுங்கள், மேலே ஏறின பிறகு ஒரு லக்குக்காக இறங்க வேண்டாம்.